மெஷினுக்கு மச்சான் வைத்த பரீட்சை

மெட்ராஸ்,
6-11-1987, வெள்ளிக்கிழமை

நெல்லிவாசல்நாட்டு ஊர்க்கவுண்டரான மூத்த மச்சான் வேடியப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் ஒரே தங்கை பாஞ்சாலையைக் கட்டிக்கொண்ட தீர்த்தகிரி, மெட்ராஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கும்பிட்டு எழுதும் கடிதம். தாங்களும் மங்கம்மாள் அக்காவும் மாடு கன்றுகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாமை அறுப்பு முடிந்திருக்கும். என் கொல்லைச் சாமை இன்னும் நின்றுகொண்டிருந்தால் அதையும் அறுத்துப் போடச் சொல்லவும். இங்கே இருவரும் சுகம் என்று எழுதத்தான் திருப்பத்தூர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை எனக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதினால் தாங்களே சிரிப்பீர்கள். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன், சண்டையை அப்புறம் போட்டுக்கொள்கிறேன். பாஞ்சாலைக்கு இடது பக்கத்துச் சிறுநீரகத்தில் கட்டி. புற்றுநோய்க் கட்டி என்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்து அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவார்களாம். எடுத்தால் பிழைப்பதற்கு நல்ல வழி இருக்கிறது, விட்டால் இல்லை. நம் வழக்கப்படி, கட்டிக் கொடுத்த பெண்ணின் உடம்பில் கத்தி படுவதற்குத் தாய்வீட்டு வாக்கு வேண்டும். அந்த வாக்கு தங்கள் வாயில் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் திருப்பத்தூருக்கு இறங்கி 'சம்மதம்' என்று ஒரே ஒரு சொல் தந்தி அடிக்க வேண்டும். இந்தக் கடிதம் நீளமாக இருந்தாலும் கேட்பது அந்த ஒரு சொல்லைத்தான். பள்ளிக்கூட வாத்தியார் தங்களுக்கு வாசித்துக் காட்டும்போது பாதி ஊர் கூடி நின்று கேட்கும் என்று எனக்குத் தெரியும். நடுவில் துப்பாக்கி என்று வருகிற இடத்தில் மட்டும் வாத்தியார் தயவுசெய்து குரலைத் தணித்துக்கொள்ளவும்.

நாங்கள் கிளம்பிய அன்று ஜீப்புப் பக்கத்தில் நின்று தாங்கள் சொன்னது தங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. திருப்பத்தூர் டாக்டர் மெட்ராஸில் சி.டி. ஸ்கேன் என்று ஒரு மெஷின் வந்திருக்கிறது, உடம்பைத் தொடாமலே உள்ளே இருப்பதையெல்லாம் படம் பிடிக்கும் என்று சொல்லி அனுப்பினாரா, அதைக் கேட்டுத் தாங்கள், "பூசாரிகிட்ட குறி கேக்கப் போனா நோவு எங்க கீதுன்னு நாமளா சொல்றோம்? அவருல்ல சொல்லணும். இதுவும் அப்படித்தான். அவ்ளோ பெரிய மெஷினுன்னா அதுவே கண்டுபுடிக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்காதீங்க. கண்டுபுடிச்சா வாக்குத் தர்றேன், இல்லன்னா எந்தங்கச்சிய இட்டாந்து வுட்டுடு" என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டியதற்குக் காரணம் மரியாதை மட்டுமில்லை, கொஞ்சம் பொறாமையும்தான். புளியமரத்தில் பிஞ்சு பிடிக்கும்போதே அடியில் நின்று அண்ணாந்து பார்த்து எத்தனை மூட்டை தேறும் என்று சொல்கிறவன் நான். பலாக்காயைத் தட்டியே உள்ளே சுளையா சக்கையா என்று சொல்வேன், வாணியம்பாடி வியாபாரிகள் என்னை இட்டுக்கொண்டு போய்த்தான் தோப்புக்கு விலை பேசுவார்கள். வெட்டாமல் உள்ளே பார்க்கிற ஆள் ஜவ்வாது மலையில் நான் ஒருவன் இருக்கும்போது இது இன்னா பெரிய மெஷினு என்ற எண்ணம் எனக்கும் இருந்தது.

அதனால் இங்கே வந்த முதல் நாளே தங்கள் பரீட்சை ஆரம்பித்துவிட்டது. லேடி டாக்டர் ஒருவர், கண்ணாடி போட்டவர், பார்த்தால் கண்டிப்பானவர், கையில் பேனாவை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். "எங்கம்மா வலிக்குது?" பாஞ்சாலை என்னைப் பார்க்கிறாள், நான் கூரையைப் பார்க்கிறேன். "எத்தனை நாளா?" அவள் கூரையைப் பார்க்கிறாள், நான் டாக்டரைப் பார்க்கிறேன். "சிறுநீர்ல ரத்தம் போச்சுன்னு திருப்பத்தூர் டாக்டர் எழுதியிருக்காரே, போச்சா?" எழுதியே கொடுத்துவிட்டானே பாவி என்று நினைத்துக்கொண்டு, "அவரு எழுதிக்கீறாருன்னா போயிருக்கும்" என்றேன். "முன்னாடி ஏதாவது ஆபரேஷன்? அடிபட்டதுண்டா? உடம்புக்குள்ள இரும்பு, ஆணி, கம்பி ஏதாவது?" என்று கேட்டார். அந்த இடத்தில் பாஞ்சாலை வாயைத் திறந்தாள், மச்சான். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார், நாங்கள் இரண்டு பேரும் ஏதோ பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்ட மாதிரி வெளியே வந்தோம்.

திங்கட்கிழமை மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்த அறையே ஒரு அழகு. மார்கழி மாதம் காவலூர் ரோட்டில் நிற்கிற மாதிரி ஒரு குளிர், அதுவும் மெஷினுக்காகவாம், ஆளுக்காக இல்லை. நடுவில் ஆள் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று ஒரு வளையம், அதற்குள் தானாகப் போய் வருகிற கட்டில். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் கோபால்சாமி என்கிற ஆபரேட்டர் தம்பி டி.வி. பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அந்த வளையத்துக்குள் எக்ஸ்ரே குழாய் உடம்பைச் சுற்றிச் சுற்றி வருமாம், ஒவ்வொரு சுற்றுக்கும் குறுக்குவாட்டில் ஒரு படம், ஒரு விரல் அகலம் தள்ளி அடுத்த படம், இப்படி நெஞ்சுக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, ஆள் முழுசாகப் படுத்தே இருக்கிறாள். என் பொறாமையில் பாதி அங்கேயே போய்விட்டது. மூட்டை கணக்குச் சொல்ல நான் ஒரு மரத்தை ஏழு தடவை சுற்றுவேன், இது ஒரு பொம்பளையை எழுபது தடவை சுற்றுகிறதே, இதுதானே வேலை செய்கிற லட்சணம் என்று தோன்றியது.

முதலில் மேலோட்டமாக ஒரு படம் எடுத்தார் கோபால்சாமி. எடுத்ததும் எழுந்து உள்ளே போய், "அம்மா, இடுப்புல ஊக்கு ஏதாவது குத்தியிருக்கீங்களா?" என்றார். பாஞ்சாலை இரண்டு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். மறுபடியும் படம். மறுபடியும் எழுந்து போனார். சுருக்குப் பை வந்தது. அதில் வீட்டுச் சாவி, பாக்குவெட்டி, நம் ஊர் மாரியம்மனுக்கு முடிந்து வைத்த காசு. மறுபடியும் படம், மறுபடியும் போனார். இடுப்புக் கயிற்றோடு தாயத்து வந்தது. அப்புறம் கால் மெட்டி. தாலியைத் தொடப் போனவளை, "அது மேலதானே இருக்கு, படத்துல வராது, இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டார், நல்ல பிள்ளை. நர்ஸ் வந்து புடவையை மாற்றி ஆஸ்பத்திரி அங்கி போட்டுவிட்டார், மறுபடியும் படம். கோபால்சாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இன்னும் என்னதாம்மா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பாஞ்சாலை கட்டிலில் படுத்தபடியே, "எங்கிட்ட இன்னாப்பா கீது, நான்தான் கீறேன்" என்றாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு உள்ளுக்குள் துள்ளுகிறேன். டி.வி. பெட்டியில் இடது பக்கம் முதுகு ஓரமாக நாலு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. அது இன்னாவென்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். மெஷினுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தத் தம்பிக்கு மட்டும் தெரியவில்லை, நான் சொல்லவும் இல்லை. பரீட்சை எழுதுகிறவனுக்கு விடை சொல்லிக் கொடுக்கலாமா?

குறுக்குப் படங்கள் வந்தபோதுதான் வினை. அந்த நாலு புள்ளியிலிருந்தும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் கிளம்பி, படம் முழுக்கக் கதிர் வீசி, சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தையே மறைத்துவிட்டன. லேடி டாக்டர் ஓடி வந்தார். உடம்பில்தான் ஒன்றும் இல்லை என்று நாங்கள் சத்தியம் செய்துவிட்டோமே, அதனால் கோளாறு மெஷினில்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். மெஷினை நிறுத்தி, கம்பெனி இஞ்சினியருக்கு ஆள் அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை இஞ்சினியர் வந்து மூடியைக் கழற்றி உள்ளே தலையை விட்டுக்கொண்டு காலையிலிருந்து எதையோ தேடுகிறார். அன்றைக்கு ஸ்கேன் எடுக்க வந்த பதினோரு பேரும் வராந்தாவில் காத்துக் கிடக்கிறார்கள். என் பக்கத்தில் காந்தா என்று ஒரு பெண், குடியாத்தத்துக்காரி, புருஷன் தலையில் கட்டி, அவன் இவள் தோளில் சாய்ந்தபடி கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறான். "மெஷினு ரிப்பேராம்ணா. இதுல பார்த்தாதான் கட்டியக் கருக்குறதுக்கு எந்த எடத்துல கரண்ட் வெக்கணும்னு தெரியுமாம். நாளு தள்ளிப்போச்சுன்னா கண்ணு போய்டும்னாங்க. இன்னா பண்றதுன்னே தெரியல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாஞ்சாலை என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "போய் சொல்லு. இல்லன்னா நான் போய் சொல்றேன்" என்றாள்.

எங்கே போய் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "டாக்டரம்மா, மெஷினு மேல தப்பு இல்ல, நான்தான் சுட்டேன்!" என்று கத்திவிட்டேன். அங்கே ஒரு நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்தார். "யாரடா சுட்ட?" "எம் பொண்டாட்டியங்க." "எங்கடா பொணம்?" "பொணம் இல்லீங்க, வெளிய பெஞ்சில உட்கார்ந்துகிட்டு கீதுங்க." "எப்போ சுட்ட?" "அறுபத்தொண்ணு பொங்கலுக்குங்க." போலீஸ்காரர் என் சட்டையை விட்டுவிட்டு, மடிப்பைத் தடவிச் சரி செய்துவிட்டு, டீயைக் குடிக்கப் போய்விட்டார். லேடி டாக்டர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார்.

வாத்தியார் இங்கே குரலைத் தணிக்கவும். மச்சான், அந்த வருஷம் பொங்கல் வேட்டைக்கு நான் நாட்டுத் துப்பாக்கியோடு ஓடைப் பக்கம் போனது தங்களுக்குத் தெரியும். புதர் அசைந்தது. பன்றி என்று நினைத்தேன். கருமருந்தும் ஈய ரவையும் கெட்டித்துச் சுட்டேன். பன்றி, "யார்ரா அவன், கண்ணு இல்ல?" என்று கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த தங்கள் தங்கை முதுகு ஓரமெல்லாம் ரத்தம். தழையை வைத்துக் கட்டி, முள்ளால் கிளறி எடுக்க முடிந்த ரவையை எல்லாம் எடுத்தோம். நாலு ரவை ஆழமாகப் போய்விட்டது, அதை எடுக்க முடியவில்லை. "எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா உன்னப் பலி போட்டுடுவாரு, பாறையில சறுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு குறுகுறுக்கும், அந்தக் குறுகுறுப்பிலேயே பெண் கேட்டு வந்தேன், தாங்களும் கொடுத்தீர்கள். இதையெல்லாம் நான் டாக்டரிடம் சொல்லி முடித்து, "இது எங்க மச்சானுக்கு மட்டும் தெரியவே கூடாதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டால், பின்னால் நின்றிருந்த பாஞ்சாலை சிரிக்கிறாள். "எங்கண்ணனுக்கு அன்னைக்கு சாயந்தரமே தெரியும்யா. பாறையில வுழுந்தா கருமருந்து வாசன வருமான்னு கேட்டாரு. இவனையே கட்டிக்கோ, சுட்டவனே ஆயுசுக்கும் சோறு போடட்டும்னு சொன்னதே அவருதான்" என்கிறாள்.

இது நியாயமா மச்சான்? தங்களைப் பெரிய மனுஷர் என்று ஊரே கும்பிடுகிறது. இருபத்தாறு வருஷமாக நான் வேட்டையில் எது கிடைத்தாலும் முதல் தொடையைத் தங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன், தேன் எடுத்தால் முதல் அடை தங்களுக்கு, பலா பழுத்தால் நான் தட்டிப் பார்த்துப் பொறுக்கின முதல் பழம் தங்களுக்கு. எல்லாம் எந்தப் பயத்தில் என்று தெரிந்துகொண்டே, "மாப்ள கொஞ்சம் சின்னத் தொடயா கீதே" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வீர்களே, அந்தச் சொல்லை எந்த முகத்தோடு சொன்னீர்கள்? இருக்கட்டும், ஊருக்கு வந்து பேசிக்கொள்கிறேன். இப்போது தங்களிடம் காரியம் ஆக வேண்டியிருக்கிறது, அதனால் இந்தப் பத்தியைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

லேடி டாக்டர் சிரிக்கவில்லை. எங்களை நன்றாகத் திட்டினார். "மெஷின் ஒண்ணும் குறி சொல்றது இல்லைங்க. அது பார்க்கும், நான் படிக்கணும். படிக்கிறதுக்கு நீங்க சொல்றதுதான் எனக்கு வெளிச்சம். எங்க வலி, எத்தனை நாளா, உள்ளே என்ன இருக்குன்னு நீங்க மறைச்சா மெஷினுக்குப் பாதிக் கண்ணை நீங்களே பொத்திவிட்ட மாதிரி. உங்க வாய் மூடியிருந்ததால ஒரு நாள் பதினோரு பேருக்குப் படம் இல்லை, தெரியுமா?" என்றார். நான் தலை குனிந்துகொண்டு நின்றேன். பாஞ்சாலைதான் முன்னால் போய், "எழுதிக்கோங்கம்மா" என்று ஆரம்பித்து, வலி எந்த இடத்தில், எந்த மாதத்தில் ஆரம்பித்தது, எத்தனை தடவை ரத்தம் போனது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அதில் பாதி எனக்கே தெரியாது, மச்சான். ஆடி மாதத்திலிருந்து அவள் வலியோடு களை பிடுங்கியிருக்கிறாள். பக்கத்திலேயே படுத்திருந்த எனக்கு ஒரு வார்த்தை தெரியவில்லை. மரத்தை அண்ணாந்து பார்க்கத் தெரிந்து இன்னா பிரயோஜனம்?

இஞ்சினியர் மெஷினை மூடிக் கொடுத்துவிட்டார், ஒரு குறையும் இல்லையாம். அன்று மாலையே மறுபடி ஓட்டி, முதல் ஆளாகக் காந்தாவின் புருஷனைத்தான் எடுத்தார்கள். கட்டி எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கத்திலிருந்து கரண்ட் வைத்தால் கண்ணுக்குப் போகிற நரம்பு தப்பும் என்று படத்தைப் பார்த்தே கோடு போட்டுவிட்டார்களாம், வைத்தியம் ஆரம்பித்தாயிற்று. புதன்கிழமை பாஞ்சாலைக்கு மறுபடியும். இந்தத் தடவை ரவை இருக்கிற இடம் தெரியும் என்பதால் கோபால்சாமி அந்த வளையத்தையே சாய்த்து வைத்து, ரவைக்கு மேலேயும் கீழேயும் புகுந்து புகுந்து எடுத்தார். "மூச்ச இழுங்க, பிடிங்க" என்று மைக்கில் சொல்வார், பிடித்தால் படம் ஆடாது. தேன் எடுக்கும்போது அடியில் நின்று புகை போடுகிறவள் அல்லவா, பிடித்தால் பிடித்ததுதான். ஒரு தடவை அவர் "விடுங்க" என்று சொல்ல மறந்து படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார், இவளும் விடவில்லை. அவர் பதறிப்போய் மைக்கைப் பிடித்து, "அம்மா, விடுங்க, விடுங்க!" என்று கத்தினார். அப்புறம் என்னிடம் வந்து, "இவ்வளவு அசையாத படம் நான் எடுத்ததே இல்லீங்க" என்றார். பெருமையாக இருந்தது, ஆனால் அந்தப் பெருமை எனக்குச் சேராது.

நேற்று வியாழக்கிழமை படத்தைக் காட்டினார்கள். கறுப்பு பிலிம் ஒன்றை விளக்குப் பெட்டியில் மாட்டினார் டாக்டர். பலாப்பழத்தைக் குறுக்கே அறுத்து வைத்த மாதிரி, நடுவில் தண்டு, அது முதுகெலும்பு, சுற்றி ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில். எனக்குக் கை பரபரத்தது. வலது பக்கத்துச் சிறுநீரகத்தைக் காட்டி, "இது நல்ல சுள" என்றேன். "ஆமா, நல்லா வேலை செய்யுது" என்றார். அடுத்த பிலிமில் இடது பக்கம் கீழ் ஓரத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வெம்பல், சொல்லாமலே விரலை வைத்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "நல்ல கண்ணு உங்களுக்கு" என்றார். அந்த ஒரு சொல்லை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அப்புறம் ஒவ்வொரு பிலிமாக மாட்டி, ஈரல் சுத்தம், ரத்தக் குழாய் சுத்தம், பக்கத்தில் நெறி கட்டவில்லை, கட்டி அந்த ஒரு சிறுநீரகத்தோடு நிற்கிறது, இதனால்தான் தைரியமாக எடுக்கலாம் என்கிறேன் என்றார். போன வருஷம் வரைக்கும் வயிற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் பரவியிருக்கிறதா என்றே தெரியுமாம், திறந்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாமல் மூடி அனுப்பினவர்களும் உண்டாம். இந்த மெஷினைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, எந்த ஜாதியோ, அவன் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்க வேண்டும். மனுஷ உடம்பைக் கிழிக்காமல் பார்க்க வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியதே, அந்த மனசு பெரிய மனசு. நான் இரண்டு கையாலும் அந்த விளக்குப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆகவே மச்சான், தாங்கள் வைத்த பரீட்சையில் மெஷின் தேறிவிட்டது. நாம் மறைத்ததையும் கண்டுபிடித்தது, நமக்கே தெரியாததையும் கண்டுபிடித்தது. தேறாமல் போனவன் நான்தான். இனி தாங்கள் தட்டிக் கழிக்க வழி இல்லை. பூசாரி முனியன் வேண்டாம் என்று சொன்னால், அவரையும் இங்கே இட்டுக்கொண்டு வாருங்கள், அந்தக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்ப்போம், இருமல் ரொம்ப நாளாக இருக்கிறது அவருக்கு. ஆபரேஷன் என்றால் பயமாக இருக்கும், எனக்கும் இருக்கிறது. ராத்திரி பகல் எதுவும் தெரியவில்லை, சோறு இறங்கவில்லை. அவள் இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போய்க் கதவைத் திறப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ரவை வைத்தது நான், அந்த உடம்பில் கத்தி வைக்கச் சொல்லிக் கேட்கிறதும் நானாகவே இருக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். தந்தி ஆபீசில் ஒரு சொல், 'சம்மதம்'. அதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட வேண்டாம்.

மங்கம்மாள் அக்காவுக்கும், அம்மாக்கண்ணு சின்னம்மாவுக்கும், என்னை விசாரித்தவர்கள் விசாரிக்காதவர்கள் எல்லாருக்கும் என் கும்பிடு. மாரியம்மன் தங்கள் நாக்கில் நல்ல சொல்லை வைக்கட்டும்.

இப்படிக்கு,
தாங்கள் தெரிந்தே பெண் கொடுத்த,
தீர்த்தகிரி

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை, 10-11-1987: மேலே எழுதியிருப்பது எதுவும் இப்போது தேவையில்லை மச்சான். வெள்ளிக்கிழமையே தபாலில் போடக் கிளம்பினேன். "எங்கண்ணனுக்கு இன்னா எழுதிக்கீற, படி" என்றாள் பாஞ்சாலை. முழுக்கப் படித்தேன். "நல்லாதான் எழுதிக்கீற. குடு, நர்சம்மாகிட்ட குடுத்துப் போடச் சொல்றேன்" என்று வாங்கிக்கொண்டாள். நேற்று சாயந்தரம் லேடி டாக்டர் வந்து, வேறு ஒருவருக்கு வைத்திருந்த நாள் காலியாகிவிட்டது, நாளைக் காலையிலேயே ஆபரேஷன் என்றார். தாய்வீட்டு வாக்கு இன்னும் வரவில்லையே என்று நான் பதறினால், "உங்க வீட்டம்மாவே வியாழக்கிழமை சம்மதத் தாள்ல ரேகை வெச்சுட்டாங்களே" என்கிறார். நான் பிலிமில் சுளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் வைத்திருக்கிறாள். கடிதம் அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. ஏன் போடவில்லை என்று கத்தினேன். "எங்கண்ணன் வேணாம்னு சொல்லிட்டா நீ மீறுவியா? மாட்ட. அப்புறம் நான் செத்தா அவரு சொல்லாலதான் செத்தேன்னு ஆய்டும். காலத்துக்கும் அவரு எப்படிச் சோறு துண்ணுவாரு? அதான் அவரக் கேக்கவே வேணாம்னு வுட்டுட்டேன்" என்றாள். நர்ஸ் ஒரு தாளில் கோடு போட்ட இடத்தைக் காட்டினார், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இன்று காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். பதினொன்றரைக்கு டாக்டர் வெளியே வந்து, கட்டி சிறுநீரகத்தோடு முழுசாக வந்துவிட்டது, படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது, இனி பயமில்லை என்றார். மச்சான், நான் வராந்தாவிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். மத்தியானம் அவளுக்கு விழிப்பு வந்தது. உதடு காய்ந்து கிடந்தது, ஈரத் துணியால் தொட்டு வைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கண்ணன வரச் சொல்லு. வாக்குக் குடுக்க இல்ல. என்னப் பார்க்க."